வாத்தியார் பதில்கள்: நண்பன் வீட்டுக்குள் போன டாங்கிகள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "1968இல் நண்பன் வீட்டுக்குள்ளேயே டாங்கியோடு போனார்கள்" என்று, சோவியத் யூனியனும் அதன் கூட்டாளிகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படை அனுப்பியது பற்றி ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. "பிரெஷ்னேவ் கோட்பாடு" என்று புத்தகத்தில் இரண்டே வரி இருக்கிறது. அது சட்டமா, ஒப்பந்தமா? சொந்தக் கூட்டாளி நாட்டுக்குள் படை அனுப்ப என்ன நியாயம் சொன்னார்கள்?

சட்டமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை கண்ணு. காரியத்தை முடித்துவிட்டு அப்புறம் எழுதிய நியாயம் அது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார். படை நுழைந்தது 1968 ஆகஸ்ட் 20 இரவு. சோவியத் கட்சியின் நாளேடான பிராவ்தாவில் அதற்கு விளக்கக் கட்டுரை வந்தது செப்டம்பர் 26. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் தன் வாயால் அதைச் சொன்னது நவம்பர் 13, வார்சாவில் நடந்த போலந்துக் கட்சி மாநாட்டில். கோட்பாடு என்ற பெயரை வைத்ததும் மாஸ்கோ அல்ல. மேற்கு நாட்டுக்காரர்கள் வைத்தார்கள். அப்படி ஒரு கோட்பாடே கிடையாது என்று மாஸ்கோ கடைசிவரை மறுத்தது.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. ஒரு சோசலிச நாட்டில் முதலாளித்துவம் திரும்பி வருகிற ஆபத்து வந்தால், அது அந்த நாட்டின் சொந்தப் பிரச்சினை மட்டுமல்ல, எல்லா சோசலிச நாடுகளுக்கும் பொதுவான பிரச்சினை. ஒவ்வொரு கட்சியும் தன் மக்களுக்கு மட்டுமல்ல, மற்ற சோசலிச நாடுகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. கேட்கும்போது தோழமைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். ஆபத்து வந்துவிட்டதா இல்லையா என்று தீர்மானிப்பது யார் என்பதை மட்டும் கேட்டுப் பார். மாஸ்கோ. அவ்வளவுதான் அந்தக் கோட்பாடு.

நம் ஊர்ப் பங்குக் கிணற்றை வைத்துச் சொல்கிறேன், மறக்காது. நாலைந்து பங்காளிகளுக்கு ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பத்திரத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறது: வெளியாள் வந்து கிணற்றில் கை வைத்தால் எல்லோரும் சேர்ந்து தடுக்க வேண்டும், அவரவர் காட்டில் என்ன விதைப்பது என்பது அவரவர் இஷ்டம். ஒருநாள் கடைசிப் பங்காளி சோளத்தை விட்டுவிட்டு மஞ்சள் போடுகிறான். பெரிய பங்காளி ஆட்களைக் கூட்டிக்கொண்டு பொழியைத் தாண்டி வருகிறார். "நீ மஞ்சள் போட்டா நாளைக்கு மத்தவனும் போடுவான். அப்புறம் கெணறு யாருக்கும் இல்லாமப் போயிரும். அதனால உன் காடு உனக்கு மட்டும் சொந்தமில்லை" என்கிறார். அவருடைய பயம் பொய்யில்லை. ஆனால் பத்திரத்தில் அப்படி எழுதவில்லையே!

சோவியத் யூனியனும் அதன் கிழக்கு ஐரோப்பியக் கூட்டாளிகளும் 1955 மே 14 அன்று கையெழுத்திட்ட ராணுவக் கூட்டணி ஒப்பந்தமான வார்சா ஒப்பந்தம் அப்படிப்பட்ட பத்திரம்தான். அதன் 4ஆவது பிரிவு, வெளியிலிருந்து தாக்குதல் வந்தால் கூட்டாகத் தடுப்பது பற்றியது. 8ஆவது பிரிவு, ஒருவர் இறையாண்மையை ஒருவர் மதிப்பது, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது பற்றியது. செக்கோஸ்லோவாக்கியாவை வெளியார் யாரும் தாக்கவில்லை. தாக்கியது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

அலெக்சாண்டர் டூப்செக் அப்படி என்னதான் செய்துவிட்டார்? 1968 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைவரானார். பத்திரிகைத் தணிக்கை போனது. பழைய பொய் வழக்குகளில் சிறைப்பட்டவர்களைப் பற்றிக் கட்சியே வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. மனித முகம் கொண்ட சோசலிசம் என்றார்கள். வார்சா ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. விலக மாட்டோம் என்றுதான் திரும்பத் திரும்ப உறுதி கொடுத்தார். 1956இல் ஹங்கேரிப் பிரதமர் இம்ரே நாகி விலகுவதாக அறிவித்தார். நவம்பர் 4 அன்று டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் வந்தன. 1958இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பாடம் டூப்செக்குக்குத் தெரியும். தெரிந்து, அந்த ஒன்றை மட்டும் தொடாமல் மற்றதைச் செய்தால் விடுவார்கள் என்று நம்பினார். மாஸ்கோவுக்கு அந்த மற்றதுதான் பயம். பிராகில் தணிக்கை இல்லாமல் எழுதினால், எல்லைக்கு அந்தப் பக்கம் உக்ரைனில் படிப்பார்கள். கிழக்கு ஜெர்மனியில் படிப்பார்கள்.

"அழைத்தார்கள், போனோம்" என்றும் அன்றைக்கு அறிவித்தார்கள். அழைத்தவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. பிற்பாடு தெரிந்தது இது. செக்கோஸ்லோவாக்கியக் கட்சியில் சீர்திருத்தம் பிடிக்காத ஐந்து பேர் ரஷ்ய மொழியில் ஒரு கடிதம் எழுதி, ஆகஸ்ட் தொடக்கத்தில் பிராத்திஸ்லாவாவில் கூட்டாளிக் கட்சிகளின் கூட்டம் நடந்தபோது, ஒரு கழிப்பறையில் வைத்துக் கைமாற்றியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் முத்திரையிட்டுக் கிடந்து, 1992இல்தான் பிராகுக்குத் திரும்பியது. ஒரு நாட்டை அழைக்கிற கடிதத்தைக் கொடுக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

தேர்வுக்கு இன்னும் சில விவரம். படை அனுப்பியவை சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி, பல்கேரியா. கிழக்கு ஜெர்மனி உடன் நின்றது, அதன் படைப்பிரிவுகள் பெரும்பாலும் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. ருமேனியா மறுத்தது. அல்பேனியா அடுத்த மாதமே ஒப்பந்தத்தை விட்டு விலகியது. முதல் அலையில் வந்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் வீரர்கள், 2,000 டாங்கிகள். செக் ராணுவம் சண்டை போடவில்லை. அரசு வேண்டாம் என்று கட்டளையிட்டுவிட்டது. மக்கள் தெருப் பெயர்ப் பலகைகளைக் கழற்றி ஒளித்தார்கள், வந்தவர்களுக்கு வழி தெரியக் கூடாது என்று. வானொலி நிலையத்தின் முன்னால் வெறுங்கையோடு நின்றவர்கள் செத்தார்கள். நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிர்விட்டார்கள்.

பல்லடத்திலிருந்து ஓ.ஈ. (ஓபன் எண்ட் நூற்பு) மில் நடத்தும் வாசகர்: எங்கள் பழைய மெஷின் ஒன்றில் செக்கோஸ்லோவாக்கியா என்று பொறித்திருக்கிறது. நீங்கள் எழுதிய அதே நாடுதானா?

அதே நாடுதானுங்க. கழிவுப் பஞ்சைப் போட்டு நூலாக எடுக்கிற அந்த ரோட்டார் முறையை முதன்முதலில் வியாபார அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பி.டி. 200 என்ற மெஷின், 1967இல் வந்தது. படை நுழைவதற்கு ஒரு வருஷம் முந்தி. உடுமலை, பல்லடம், சோமனூர் பக்கம் இன்று எத்தனை குடும்பம் ஓ.ஈ. நூலை நம்பி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டா செருப்பும் அங்கே பிறந்ததுதான், நம் ஊர்ச் சாலையில் ஓடிய ஜாவா வண்டியும் அங்கே பிறந்ததுதான். கைத்தொழில் தெரிந்த ஜனங்கள். அந்த மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தால், பெயர் பொறித்த தகட்டை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் இப்போது நாடு இல்லை. 1993 முதல் செக் தனி, ஸ்லோவாக்கியா தனி.

கோபியிலிருந்து ஒரு வாசகர்: அப்போது இந்தியா என்ன செய்தது? நாமும் 1971இல் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டோமே, நமக்கும் அந்தக் கோட்பாடு பொருந்தியிருக்குமா?

1968 ஆகஸ்ட் 23 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 2: சோவியத் யூனியனும் ஹங்கேரியும். வாக்களிக்காமல் ஒதுங்கியது மூன்று நாடுகள்: இந்தியா, பாகிஸ்தான், அல்ஜீரியா. சோவியத் வீட்டோவில் தீர்மானம் விழுந்தது. இந்திரா காந்தி அரசு வருத்தம் தெரிவித்தது, கண்டிக்க மறுத்தது. அமைச்சரவையில் இருந்த அசோக் மேத்தா இதைப் பொறுக்க முடியாமல் பதவியை விட்டு விலகினார். செக் மக்களுக்காக இந்திய மந்திரி ஒருவர் நாற்காலியை விட்டார் என்பதை நம் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

1971 ஆகஸ்ட் 9 ஒப்பந்தம் வேறு மாதிரி. இந்தியாவின் அணிசேராக் கொள்கையை மதிப்பதாக அதிலேயே எழுதியிருக்கிறது. யாராவது தாக்கினால் கலந்து பேசலாம் என்றிருக்கிறது, படை வரும் என்று இல்லை. தவிர, அந்தக் கோட்பாடு பேசியது கம்யூனிஸ்ட் கட்சி ஆள்கிற "சோசலிச சமூக" நாடுகளைப் பற்றி. நாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானையும் பாருங்கள். அது வார்சா ஒப்பந்த நாடே அல்ல. 1978 டிசம்பரில் ஒரு நட்பு ஒப்பந்தம் போட்டது. அடுத்த டிசம்பரில் சோவியத் படை காபூலுக்குள் வந்து, ஹபிசுல்லா அமீன் என்ற ஆட்சித் தலைவரை அவர் அரண்மனையிலேயே கொன்றது. அவரும் ஒரு கம்யூனிஸ்ட். சோவியத் படையை அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டவரும் அவர்தான். அப்போதும் 1980 ஜனவரியில் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. நெய்வேலி மின் நிலையமும் பிலாய் உருக்காலையும் 1971 போரின்போது ஐ.நா.வில் போட்ட வீட்டோக்களும் சோவியத்திடமிருந்து நமக்குக் கிடைத்த உதவி. நன்றி இருக்க வேண்டியதுதான். இரண்டு முறையும் நம் வாயைக் கட்டியது அந்த நன்றி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பவானியிலிருந்து: அந்தக் கொள்கை எப்போது முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. 1981இல் போலந்தில் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் ஓங்கியபோது மாஸ்கோ படை அனுப்பவில்லை. ஆப்கானிஸ்தானில் ஏற்கனவே சிக்கியிருந்தார்கள். போலந்து ராணுவமே டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1988 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஐ.நா.வில், எந்த நாடும் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றார். 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் படைப்பிரிவு ஆமு தர்யா பாலத்தைத் தாண்டி ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது. அந்த வருஷம் கிழக்கு ஐரோப்பிய அரசுகள் ஒவ்வொன்றாக விழுந்தபோது ஒரு சோவியத் டாங்கியும் நகரவில்லை. டிசம்பர் 4 அன்று, 1968இல் படையெடுத்த ஐந்து நாடுகளும் சேர்ந்து அது தவறு என்று அறிவித்தன. 1991 ஜூலை 1 அன்று வார்சா ஒப்பந்தமே கலைந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் "தற்காலிகமாக" நிறுத்திய படை போனது அதற்குச் சில நாள் முந்தி. தற்காலிகம் என்றது 23 வருஷம்.

சூலூரிலிருந்து ஒரு மூத்த தோழர்: உங்க அப்பா எங்க சங்கத்துல இருந்தவரு. அவரு இன்னைக்கு இருந்தா இப்படி எழுத விட்டிருப்பாரா? அமெரிக்கா வியட்நாம்ல குண்டு போட்டுட்டு இருந்த வருஷம்தானே அது? அதை ஏன் எழுதலை?

தோழர், உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் இருந்தாலும் அப்பா பெயரை மரியாதையோடு எழுதியிருக்கிறீர்கள். நன்றிங்க.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. வியட்நாம் மட்டுமல்ல, 1965இல் டொமினிக்கன் குடியரசுக்குள் தன் படையை இறக்கி, இன்னொரு கியூபா உருவாக விடமாட்டோம் என்று நியாயம் சொன்னது அமெரிக்கா. என் பக்கத்து நாடு நான் சொல்கிறபடிதான் இருக்க வேண்டும் என்ற பேச்சு இரண்டு வல்லரசுகளிடமும் இருந்தது. அதை எழுதத் தயக்கமே இல்லை, எழுதியும் இருக்கிறேன்.

ஆனால் 1968 பற்றி எனக்குள்ள வலி வேறு. அது எதிரிக்கு எதிராக நடந்ததல்ல. நம் ஆட்கள் மீது நம் ஆட்கள் ஏறியது.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், இருகூரில் எங்கள் ஓட்டு வீடு. அப்பா மில்லில் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தார். இரவு ஷிப்ட் முடிந்து தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சோடு வருவார்; குளிக்கும் முன்னே செய்தித்தாளைக் கையில் எடுப்பார். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரையும் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிவிடும். என் பள்ளி நோட்டுகளுக்கு மாஸ்கோவிலிருந்து வந்த வழவழப்பான பத்திரிகைத் தாளில்தான் அட்டை போடுவார். கணக்கு நோட்டில் டிராக்டர், தமிழ் நோட்டில் விண்வெளி வீரர். அப்போது எனக்கு வயது 13.

என் தாய்மாமன் திருச்சி பாய்லர் ஆலையில் பிட்டர். 1965இல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு வந்த ஆலை அது. செக் இன்ஜினீயர்கள் அங்கே குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக மாமன் ஊருக்கு வந்தார். திண்ணையில் பேச்சு ஆரம்பித்தது.

"மாப்ளே, அங்க எதிர்ப்புரட்சி நடக்குது. தோழர்கள் உதவிக்குப் போயிருக்காங்க" என்றார் அப்பா. சங்கத்தில் அன்று பேசிக்கொண்டதும் அதுதான்.

மாமன் கொஞ்சநேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "மச்சான், எனக்கு வெல்டிங் பார்க்கச் சொல்லிக்குடுத்தவரு ஒருத்தரு இருக்காருங்க. அவரும் கட்சிக்காரருதானுங்க, சின்ன வயசுலருந்து. மூணு நாளா ராத்திரியெல்லாம் ரேடியோவுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. வேலைக்கு வந்தாரு, பேசலை. நாலாம் நாள் எங்கிட்டச் சொன்னாரு, அவங்க கட்சி மாநாட்டை ஒரு பேக்டரிக்குள்ள ஒளிச்சு நடத்துனாங்களாம். வந்தவங்க எல்லாம் தொழிலாளி சட்டை போட்டுக்கிட்டு வந்தாங்களாம்."

அது நடந்தது ஆகஸ்ட் 22. பிராகின் ஓரத்தில் விசோச்சனி என்ற இடம், சி.கே.டி. ஆலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், கம்யூனிஸ்ட் கட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், ஆலைத் தொழிலாளர்களோடு தொழிலாளர்களாக உள்ளே போனார்கள். வெளியே தெருவில் சோவியத் டாங்கி. வாசலில் காவல் நின்றது தொழிலாளர்கள். மாநாடு படையெடுப்பைக் கண்டித்தது, மாஸ்கோவுக்குப் பிடித்துக்கொண்டு போன டூப்செக்கையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நாலே நாளில் மாஸ்கோவில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒரு நிபந்தனை, அந்த மாநாடு செல்லாது என்பது. பிடித்துப் போனவர்களில் கையெழுத்துப் போடாதவர் ஒரே ஒருவர், பிரான்டிஷெக் கிரீகல் என்ற மருத்துவர். ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்த போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த பழைய கம்யூனிஸ்ட் அவர். அதற்குப் பின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கட்சி அட்டை பிடுங்கப்பட்டது. டூப்செக் காட்டு இலாகாவில் வேலை பார்த்தார்.

சோசலிசத்தைக் காப்பாற்றப் போனோம் என்றார்கள். எதிரில் நின்றது யார் தோழர்? இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி அன்றே கண்டித்தது. பிரெஞ்சுக் கட்சியும் ஏற்கவில்லை. மாஸ்கோ செஞ்சதுக்கத்திலேயே ஆகஸ்ட் 25 நண்பகலில் எட்டுப் பேர் உட்கார்ந்து பதாகை விரித்தார்கள். அதில் நடாலியா கோர்பனேவ்ஸ்கயா என்ற கவிஞர் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சில நிமிடத்தில் எல்லோரையும் இழுத்துப் போனார்கள். அந்தப் பெண்ணைப் பின்னால் மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். அவர்களும் சோவியத் குடிமக்கள்தானே. சோவியத் மேல் மரியாதை வைக்க வேண்டுமென்றால் நான் அந்த எட்டுப் பேர் மேல் வைக்கிறேன்.

அன்று திண்ணையில் அப்பா மாமனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேக்டரிக்குள்ளயா? நெசமாவா மாப்ளே?" மாமன் தலையாட்டினார். தன் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையை எடுத்து வைத்தார். அந்த இன்ஜினீயர் கொடுத்தது. பக்கமெல்லாம் இலை மாதிரி செதுக்கியிருக்கும். வெயிலில் பிடித்தால் திண்ணைச் சுவரில் சின்னச் சின்னதாக நிறம் விழும். அம்மா அதில் விபூதி வைத்திருந்தாள், கடைசிவரை.

அப்பா சங்கத்தை விடவில்லை. ஓய்வு பெறும்வரை சந்தா கட்டினார், வேலைநிறுத்தம் என்றால் முதல் ஆளாக நின்றார். உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த வருஷத்துக்கு அப்புறம் என் நோட்டுகளுக்குப் பழுப்புத் தாளில்தான் அட்டை போட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் சங்க நோட்டு ஒன்று கிடைத்தது. சந்தா கணக்கு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, கூட்டத் தேதிகள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல், எழுத்துக் கூட்டி எழுதியது: விசோச்சனி.

அந்த நோட்டு இங்கே உடுமலையில் என்னிடம் இருக்கிறது. சந்தா பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறதுங்க. ஒருநாள் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.